சட்டமும் சாவக அறமும்

கடந்த தசலட்சணப் பர்வத்தின் ஏழாம் நாள், வழக்கம்போல் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் நம் ஜினாலயத்தில் விளக்கப்பட்டது. அணுவிரதங்களையும் அவற்றின் அதிசாரங்களையும் கூறும் பகுதி அது. முடிவில் புதிதாக மணமாகி வந்த மருமகள் ஒருத்தி எழுந்து, "சட்டப்படி குற்றமில்லாத காரியத்தில் பாவம் எப்படி வரும்?" என்று வினவினாள். நேரமாகிவிட்டதால் விடை சுருக்கமாக முடிந்தது. வினா மட்டும் நம்முடன் வீடு வரை வந்தது.

உமாஸ்வாமி ஆசார்யர் அரசின் முறையைப் புறக்கணித்தவர் அல்லர். கள்ளாமை விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் 'விருத்த ராஜ்யாதிக்கிரமம்' ஒன்று. அரசு முறையை மீறிப் பொருள் கொள்ளுதல் என்பது அதன் கருத்து. அதனை அடுத்தே, குறைந்த அளவையால் கொடுத்து மிகுந்த அளவையால் வாங்குதல் வருகிறது. இன்று எடையளவுச் சட்டம் தண்டிக்கும் குற்றம், அங்கே விரதத்தின் குறையாக நிற்கிறது. ஆகவே சட்டத்தைப் பேணுதல் இல்லறத்தார்க்கு அறத்தின் ஒரு பகுதி. ஒரு பகுதிதான். 5 வயது நிரம்பிய பிள்ளைக்கு ரயிலில் தனிப் படுக்கை வேண்டாவிடினும் பாதிக் கட்டணம் உண்டு. "நாலு என்று சொல்" என்று கற்பிக்கும் தாய் பரிசோதகரிடம் அகப்பட்டால் அபராதம். அகப்படாவிட்டால் சட்டத்துக்கு அங்கே வேலையில்லை. பிள்ளை மட்டும் கற்றுக்கொள்கிறது.

பிறரைச் சொல்வானேன்? வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் 'கூடலேகக் கிரியை' என்று ஒன்று உண்டு. பொய்யாவணம் எழுதுதல் என்பது பொருள். சமந்தபத்திர ஆசார்யரும் தம் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் இதனைக் கூறுகிறார். அதனை நாமே செய்திருக்கிறோம். அதுவும் ஆசிரியர் பயிற்சி முடித்து, பிள்ளைகளுக்கு வாய்மை கற்பிக்க அமர்ந்த இடத்தில்.

முதல் வகுப்பில் சேர 5 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. 1975இல் எம் ஊர்ப்புறத்தில் பிறப்புச் சான்று வைத்திருந்த பெற்றோர் அரியர். வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொணர்ந்து இடக்காதைத் தொடச் சொல்வோம்; எட்டினால் 5 வயது. அவ்வாண்டு வந்த ஒரு பெண்குழந்தைக்குக் கை எட்டவில்லை. பிறந்தது 1971 பங்குனி என்று தாயே சொன்னாள். "வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்று கெஞ்சினாள். சேர்க்கைப் பதிவேட்டில் 1970ஆம் ஆண்டு மே மாதத் தேதி ஒன்றை எழுதினோம். அக்காலத்துப் பதிவேடுகளைப் புரட்டினால் பாதிப் பிள்ளைகள் மே, ஜூன் மாதங்களில் பிறந்திருப்பர்! எல்லாம் எம்மைப் போன்றோர் கணித்த ஜாதகங்கள்.

இரக்கத்தால் எழுதினோம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். எண்ணிப் பார்த்தால் அதுவும் முழு உண்மை அன்று. மாணவர் தொகை குறைந்தால் ஓர் ஆசிரியர் பணியிடம் போய்விடும் என்ற அச்சமும் பள்ளியில் இருந்தது. கடைசியாகச் சேர்ந்தவர் நாமே. எழுதிய கையில் கருணை எவ்வளவு, தன்னலம் எவ்வளவு என்று எந்த அலுவலரும் கேட்கவில்லை. எந்தச் சட்டமும் அதைக் கேட்காது, கேட்கவும் இயலாது. விரதம் அதைத்தான் முதலில் கேட்கிறது.

அக்குழந்தை நன்றாகப் படித்தாள். மேல்நிலைத் தேர்வில் தேறியபின், ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும் என்று நம்மிடம் சொல்லியிருந்தாள். 1988 ஆவணியில் அவள் தாய் தாம்பூலத் தட்டுடன் நம் வீட்டுக்கு வந்தாள். பெண்ணுக்குத் திருமணம். 1978ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் பெண்ணின் மணவயதை 15இலிருந்து 18ஆக உயர்த்தியிருந்தது. "இன்னும் 17தானே அம்மா, படிக்க வைக்கலாமே" என்றோம். அத்தாய் வியப்புடன் நம்மைப் பார்த்தாள். "சான்றிதழ்ப்படி மே மாதமே 18 முடிந்துவிட்டதே டீச்சர். நீங்கள் எழுதியதுதானே?" என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை. நன்றிதான் இருந்தது.

அத்திருமணத்தில் சட்டம் எங்கும் மீறப்படவில்லை. சான்றிதழைப் பார்த்த எவரும் குறை காண முடியாது. பெண்ணைக் காக்க வந்த சட்டத்தின் கண்ணை, அது பிறப்பதற்கு 3 ஆண்டுகள் முன்பே நாம் கட்டிவிட்டிருந்தோம். மறுத்துப் பேசும் தகுதி நமக்கு இல்லாமற் போனது. மணப்பந்தலில் அட்சதை தூவிவிட்டு, உணவருந்தாமல் திரும்பினோம்.

2023 அக்டோபர் 1ஆம் நாள் முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்டவற்றில் பிறப்புச் சான்றே வயதுக்குச் சான்று என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. நல்லது. காதைத் தொடச் சொல்லும் வேலை இனி இல்லை. நாம் செய்த பிழையைச் செய்யும் வாய்ப்பே வரும் ஆசிரியர்க்கு இராது. பிழை செய்யாமலிருக்கும் பயிற்சியும் அவர்களுக்கு வேறு இடத்தில்தான் கிடைக்க வேண்டும்.

வினவிய மருமகளிடம் இதனைக் கூறினோம். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறார் பாட்டி?" என்றாள். நலமாகவே இருக்கிறாள், பேரப்பிள்ளைகளும் உண்டு. மே மாதத்தில் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்பவர்களிடம், அது டீச்சர் கொடுத்த பிறந்தநாள் என்று சிரிப்பாளாம். நம் பிரதிக்கிரமணத்தில் அந்தத் தேதி நாள்தோறும் வருவதை அவள் அறியாள்.