ஊறாத மூன்று

எவர்சில்வர் தட்டில் அந்த மூன்று விதைகளும் விழுந்தபோது 'டிங்' என்று கேட்டது. நான்கு நாளாயிற்று, காதைவிட்டுப் போகவில்லை.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைக்கூடக் காசு கொடுத்தா வாங்குவது என்று மொட்டைமாடித் தொட்டியில் பன்னிரண்டு விதை போட்டேன். ஆவாரை விதையின் தோல் லேசில் தண்ணீரை உள்ளே விடாது. உப்புத்தாளில் தேய்த்து, ஓர் இரவு ஊறவைத்தேன். ஒன்பது பருத்தன. அதில் ஏழு முளைத்தன, இரண்டு அழுகின. மூன்று மட்டும் போட்டபடியே கிடந்தன. இரண்டு மாதம் கழித்துக் கிளறி எடுத்தேன்.

"செத்த விதைய வெச்சுக்கிட்டு என்னப்பா பண்றே? தூக்கிப் போடு" என்றாள் அம்மா.

செத்திருந்தால் ஊறி அழுகியிருக்குமே. டிங் என்றா கேட்கும்?

சுண்டலுக்குத் தட்டைப்பயறு ஊறவைத்தால், காலையில் அப்பத்தா நீரை வடித்துவிட்டுப் பாத்திரத்தைக் குலுக்கிக் காதுகொடுப்பாள். ஊறாத பயறு காட்டிக்கொடுத்துவிடும். பொறுக்கிக் கொல்லையில் எறிவாள். "வேகாதது வெதைக்காவது ஆகட்டும்." மழைக்குப் பிறகு அங்கே கொடி படரும். எறிந்ததுதான் முளைத்ததா என்று யாரும் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் களைச்செடிகளின் விதைகளை மணலில் கலந்து, 20 புட்டிகளில் புதைத்தார் என்று படித்திருக்கிறேன். 2021-இல் ஒரு புட்டியைத் தோண்டினார்கள், வெளிச்சம் பட்டுவிடாமல் இரவிலேயே. 142 வருடம் கிடந்த விதைகளில் சில முளைத்தன. கடைசிப் புட்டிக்கு 2100 வரை பொறுக்க வேண்டும். பீலுக்கு அது ஆராய்ச்சி. எனக்கு அடுத்த பொங்கல்.

தம்பி என்னோடு பேசி ஆறு வருடமாகிறது. விதையைப் பற்றி எழுதும்போது அவன் ஏன் வருகிறான்? கோபம் இன்னும் கெட்டியாக இருக்கிறதென்றால் உறவும் உள்ளே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொள்ள வசதியாகத்தான் இருக்கிறது; போன் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் அழுகிய அந்த இரண்டு விதைகளும் நான் அவசரத்தில், உள்ளே வெளுப்புத் தெரியும்வரை தேய்த்தவை. தெரிந்தேதான் தொட்டியின் ஓரத்தில் தனியாக ஊன்றியிருந்தேன்.

மூன்று விதைகளும் இப்போது தீப்பெட்டியில் இருக்கின்றன, ஒரு துண்டு உப்புத்தாளோடு. எத்தனை தேய்ப்பு போதும் என்று இன்னும் பிடிபடவில்லை. அவ்வப்போது எடுத்துக் குலுக்கிப் பார்க்கிறேன்.