காணி கொடாத விடுதலை

வறியோர்க்குப் பொருளளிக்காத அரசனால் வறுமை பெருகிற்று. வறுமையால் களவும், களவால் கொலையும் விளைந்தன என்பது சக்கவத்தி சீகநாத சுத்தத்தில் பகவன் புத்தர் அருளிய வரலாறு. அமெரிக்க நாட்டிலும் அதுவே நிகழ்ந்தது.

அங்கு அடிமை முறை காரணமாக மூண்ட உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது; தளை அறுந்தது. 1870இல் கறுப்பின ஆடவர்க்கு வாக்குரிமையும் வந்தது. ஆனால் நிலம்? கைப்பற்றிய கடலோரத் தோட்டங்களைக் குடும்பத்திற்கு 40 ஏக்கர் வரை பகிர்ந்தளிக்க, 1865 ஜனவரியில் தளபதி ஷெர்மன் கட்டளையிட்டிருந்தார். விடுதலை பெற்றோர் குடியேறி உழுதனர். அவ்வாண்டிலேயே அந்நிலங்களைப் பழைய எசமானர்க்கு மீட்டளிக்க ஆணையிட்டவர் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன்! உழுதவர் பலர் வாரக்குடிகளாகிக் கடனில் அமிழ்ந்தனர். (படியாள் வாழ்வை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.)

அடுத்த வேளைச் சோற்றுக்கு எசமானரை நம்பியிருப்பவன் அவருக்கு எதிராக எங்ஙனம் வாக்களிப்பான்? 1877இல் கூட்டரசின் படைக்காவலும் நீங்கவே, கொலைக்கும் மிரட்டலுக்கும் தடையில்லாது போயிற்று. 1890இல் மிசிசிப்பி மாநிலம் தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் விதித்து வாக்கைப் பறித்தது. வாக்குரிமைச் சட்டம் வர 1965 ஆயிற்று.

அரசியலில் சமத்துவம், வாழ்வில் ஏற்றத்தாழ்வு என்னும் இம்முரண்பாட்டைக் குறித்தே, 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகிப் அம்பேத்கர் எச்சரித்தார். அடுத்த பௌர்ணமி வந்தனையில் அவ்வுரையையும் சுத்தத்தையும் சேர்த்து ஓதி ஆராய்வோம்.