வரையும் கை வறண்டபோது

எழுதுகோலைக் கொண்டு கற்பித்தவன் என்று இறைவன் தன்னை அறிமுகப்படுத்திக் கொள்கின்றான். திருமறையில் முதன்முதலாக இறங்கிய வசனங்களிலேயே அச்செய்தி அமைந்துள்ளது. ஆதலின் எழுதுகோல் பிடிக்கும் கைக்கு நம் மார்க்கத்தில் தனிச் சிறப்பு உண்டு. அக்கை ஓடும் காலத்தில் அதனைப் போற்றுவோர் பலர். அது ஓடாமல் நின்றுவிடும் காலத்தில் என்ன செய்வது என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. கைத்திறனை நம்பி உண்ணும் குடும்பங்கள் நம்முள் மிகுதி. ஆகவே இக்கேள்வி கலைஞர்களுக்கு மட்டும் உரியதன்று.

தென்காசியில் நம்மிடம் அரபு பயின்ற இளைஞர் ஒருவர் எழுத்தோவியம் வரைபவர். பள்ளிவாசல் சுவர்களுக்கும் திருமண மடல்களுக்கும் வரைந்து அதனால் தாயையும் தங்கையரையும் காத்து வந்தார். சில மாதங்களாக அவருக்குக் கோடு வரவில்லை. தாளை விரிக்கின்றார், மையைத் தொடுகின்றார், கை நின்றுவிடுகின்றது. வீட்டார், “பரக்கத்துப் போய்விட்டது” என்கின்றனர். உறவினர் ஒருவர், “படம் வரைந்த பாவம்” என்று தீர்ப்பே கூறிவிட்டாராம். இறைவன் தம்மைக் கைவிட்டான் என்னும் எண்ணம் இப்போது தொழுகைப் பாயிலும் அவரைத் தொடர்கின்றது. தொழில் போவது ஓர் இழப்பு. இறைவனிடம் கொண்ட நம்பிக்கை தளர்வது அதனினும் பேரிழப்பு.

முதலில் அந்த உறவினரின் தீர்ப்பைப் பார்ப்போம். உருவப் படங்களைக் குறித்து மார்க்க அறிஞர்கள் விரிவாகப் பேசியுள்ளனர். அவ்வாய்வு ஈண்டு வேண்டியதில்லை. எழுத்து, கொடி, மலர், வட்டம், கோணம் ஆகியவற்றை வரைவதில் தடையில்லை. கைத்தொழிலாகப் படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் நிலையைக் கூறியபோது, உருவங்களை விடுத்து மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளுமாறு அவர்கள் வழிகாட்டினார்கள். அம்மனிதரின் கையை அவர்கள் முடக்கவில்லை, திசையை மாற்றினார்கள். நம் இளைஞர் வரைவதோ இறைவசனங்களின் எழுத்துகளை. பாவம் என்னும் சொல்லுக்கு இங்கே இடமேது?

அடுத்து, நின்றுபோவது கைவிடப்பட்டதன் அடையாளமா என்பது. நாயகம் (ஸல்) அவர்களுக்கு வஹீ வந்துகொண்டிருந்தது ஒரு கட்டத்தில் நின்றது. எதிரிகள், “முஹம்மதை அவருடைய இறைவன் விட்டுவிட்டான்” என்று ஏளனம் பேசினர். அதற்கு மறுமொழியாக இறங்கியதே வள்ளுஹா அத்தியாயம். இறைவன் அவர்களைக் கைவிடவுமில்லை, வெறுக்கவுமில்லை என்று அது உறுதி கூறுகின்றது. அவ்வுறுதிக்கு முன்னே இறைவன் முற்பகலின் ஒளியின் மீது ஆணையிட்டு, அத்துடன் அமைதி கொண்ட இரவின் மீதும் ஆணையிடுகின்றான். ஒளியும் அவனுடையது, இரவும் அவனுடையது. மனிதர் தம் கைத்தொழிலை வஹீயோடு ஒப்பிடுதல் தகாது. ஆயினும், ஒன்று நின்றதைக் கண்டவுடன் கைவிடப்பட்டதாக முடிவு கட்டுவது யாருடைய வழக்கம் என்பதை நாம் இங்கே அறிந்துகொள்கின்றோம்.

அங்ஙனமாயின் நின்றுபோவதற்குப் பொருளே இல்லையா? உண்டு என்பதற்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்வே சான்று. ஹிஜ்ரி 488, ரஜப் மாதம். கிறிஸ்தவ ஆண்டு 1095. பக்தாதின் நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தில் முந்நூறு மாணவருக்குப் பாடம் சொல்லிய நா எழவில்லை. ஒரு சொல்லையும் வெளியிட இயலவில்லை என்று அவர்களே தம் ‘அல் முன்கிதில்’ எழுதியுள்ளார்கள். உணவு செல்லவில்லை. மருத்துவர்கள், நோய் உள்ளத்திலிருந்து உடலுக்கு இறங்கியது என்று கூறி மருந்தை நிறுத்தினர். ஊரார் பலவாறு பேசினர். முஸ்லிம்களின் மீது விழுந்த கண்ணேறு என்றும் சிலர் கூறினர். இமாம் அவர்களோ தம் உள்ளத்தையே நோக்கினார்கள். பாடம் சொல்வதில் தம் நாட்டம் இறைவனுக்காக இல்லை, புகழுக்காக இருந்தது என்று கண்டார்கள். பதவியைத் துறந்து டமாஸ்கஸ் சென்றார்கள். மீண்டும் பாடம் சொல்ல அமர்ந்தபோது ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்விடைவெளியில் உருவானதே ‘இஹ்யா உலூமித்தீன்’.

இந்த இரு செய்திகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் ஒழுக்க விதி புலப்படும். “இது என் குறையால் நேர்ந்ததா?” என்று ஒருவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம், கேட்பது நன்று. “இது உன் குறையால் நேர்ந்தது” என்று பிறர் அவரிடம் கூறும் உரிமை எவருக்கும் இல்லை. முன்னது கஸ்ஸாலியின் வழி. பின்னது மக்கத்து எதிரிகளின் வழி.

கேட்டும் விடை கிடைக்கவில்லையெனில்? அந்நிலைக்கும் நம் முன்னோர் பெயரிட்டுள்ளனர். உள்ளம் சுருங்குதல் ‘கப்ளு’, விரிதல் ‘பஸ்து’. சுருக்குபவனும் விரிப்பவனும் இறைவனே என்று அல்பகரா அத்தியாயம் கூறும். ஹிஜ்ரி 465இல் மறைந்த இமாம் குஷைரி (ரஹ்) அவர்கள் தம் ‘ரிஸாலா’வில் இதனை ஆராய்கின்றார்கள். சில வேளை சுருக்கத்தின் காரணம் தெரியும். அப்போது அதனைக் களையலாம். சில வேளை காரணமே தெரியாது. அப்போது அவ்வேளை கடக்கும்வரை இணங்கியிருத்தலே வழி. வலிந்து அதனை விரட்ட முற்பட்டால் சுருக்கம் மிகும் என்கின்றார்கள். தாளை முறைத்து நோக்கி இரவெல்லாம் அமர்ந்தவர்கள் இதன் உண்மையை அறிவர்.

இணங்கியிருத்தல் என்பது சோம்பியிருத்தல் ஆகாது. இதனை விளக்க நம் குற்றாலமே போதும். ஆனி, ஆடி மாதங்களில் சாரல் வீச, பேரருவியில் நீர் இரைந்து விழும். கோடையில் அதே இடத்தில் பாறை மட்டும் நிற்கும். பாறையைத் தட்டி நீர் கேட்பார் யாருமில்லை. நீர் மலைக்கு அப்பாலிருந்து வரும் காற்றின் கொடை என்பதைச் சிறுவரும் அறிவர். ஆயினும் கீழே சிற்றாற்றுப் பாசனத்து உழவர் அந்நாள்களில் உறங்குவதில்லை. கால்வாயின் தூர் எடுப்பர், மடையைச் செப்பனிடுவர், குளத்து வண்டலை வயலுக்குக் கொண்டு செல்வர். நீர் வருவது அவர் கையில் இல்லை. வந்த நீர் வழிதவறிப் போகாமல் காப்பது அவர் கையில் உண்டு. தூர்ந்த கால்வாய்க்கு நல்ல சாரலும் பயன் தராது.

எழுத்தோவியக் கலையில் இத்தூர் எடுக்கும் பணிக்கு ‘மஷ்கு’ என்று பெயர். உஸ்தாதின் எழுத்தை வைத்து நாள்தோறும் எழுதிப் பழகுவதே அது. புதியதொன்றைப் படைக்க வேண்டும் என்னும் சுமை அதில் இல்லை. உதுமானியர் மரபில் மாணவனுக்குத் தரும் முதற் பாடம், காரியத்தை எளிதாக்குமாறும் கடினமாக்காதிருக்குமாறும் வேண்டும் துஆ. தனி எழுத்துகளைக் கற்குமுன்பே அதனை எழுதிப் பழக வேண்டும். கை ஒருநாள் கடினப்படும் என்பதை அறிந்த ஆசான்களே இப்பாடத்தை அமைத்திருக்க வேண்டும். அம்மரபின் தலைவரான ஷெய்கு ஹம்துல்லாஹ் (மறைவு 1520) அவர்களிடம், புதியதொரு நடையை உருவாக்குமாறு இரண்டாம் பாயஸீது சுல்தான் வேண்டினார். ஷெய்கு நாற்பது நாள் தனித்திருந்து, இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த யாகூத் அல் முஸ்தஃஸிமீ அவர்களின் எழுத்துகளையே திரும்பத் திரும்ப நோக்கினார் என்பது மரபுவழிச் செய்தி. புதுமை பழமையை ஊன்றிப் பார்த்த கண்ணுக்கு வந்தது.

தென்காசி மண்ணில் பிறந்து தக்கலையில் அடங்கியுள்ள ஞானமாமேதை பீர்முஹம்மது அப்பா (ரஹ்) அவர்கள் தறியில் நெய்து வாழ்ந்தவர்கள் என்பர். ‘ஞானப் புகழ்ச்சி’ பாடிய உள்ளத்துக்குத் தறியின் உழைப்பு இழுக்காக இருக்கவில்லை. பாடல் வராத நாளிலும் நூல் ஓடும்; நூல் ஓடும் கை ஓய்ந்து கெடாது. நம் ஓவியரும் எழுத்து வராத நாளில் கோடு மட்டும் இழுக்கலாம், நாணற் பேனாவைச் சீவலாம், மை கூட்டலாம், பழைய பள்ளிவாசல் கல்லெழுத்தைப் படியெடுக்கலாம். வருவாய்க்கு வேறொரு சிறு தொழிலைப் பற்றிக்கொள்வதிலும் தாழ்வில்லை. அது கலையைத் துறப்பதாகாது.

குடும்பத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. கை ஓடிய காலத்தில் அதன் வருவாயை உண்டோம். அது நின்ற காலத்தில் அதன் மனத்தை உண்ணாதிருப்போம். “இன்று ஏதேனும் வரைந்தாயா?” என்று மாலைதோறும் கேட்பதும் ஒருவகைக் கல்லெறிதலே. உணவை முன்வைத்து, வேறு பேச்சுப் பேசி, அவரை ஓதவும் உலாவவும் விடுவது மருந்தாகும்.

இன்னொன்றும் கூறவேண்டும். விரிவும் ஒரு சோதனையே என்று குஷைரி அவர்கள் எச்சரிக்கின்றார்கள். கோடு வெள்ளமாய் வரும் நாளில், அது தன் திறமை என்று கருதிக் கால் சறுக்கியவர் பலர். வறண்ட நாளைக் கண்டவரோ வந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதை அறிவார். ஒவ்வோர் அலிஃபையும் நன்றியுடன் இழுப்பார். நீரை அனுப்புவது அவன் செயல். கால்வாயைத் துப்புரவாக வைத்திருப்பது நம் செயல்.