பணிவிடையும் படிப்பும்

கழுகுமலைக்கு யாத்திரை செல்லும் நம்மவர் பலர், பாறையில் விளங்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கிவிட்டு, அவற்றின் அருகே வட்டெழுத்தில் பொறித்துள்ள சிறு வரிகளைக் கவனியாமலே இறங்கிவிடுகின்றனர். உருவங்களைச் செய்வித்தோரின் பெயர்கள் அவை. அப்பெயர்களுள் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்தம் மாணாக்கியரும் உண்டு. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வறண்ட சீமையில் பெண்கள் கற்றனர், கற்பித்தனர் என்பதற்கு அப்பாறையே சாட்சி.

சென்ற முறை அம்மலையைத் தரிசித்துவிட்டு, அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவில்பட்டியில் தங்கினோம். பொழுது சாயுமுன் உண்ண வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டதற்கு இணங்கிச் சமைத்துக் கொடுத்தது ஓர் எளிய குடும்பம். அவ்வீட்டு மூதாட்டி தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவர். அவர் மகளுக்கு வயது இருபத்து நான்கு இருக்கலாம். அப்பெண்ணின் ஐந்து வயதுக் குழந்தைக்கு மூளை முடக்குவாதம். தலை நில்லாத அக்குழந்தையை மடியில் சாய்த்து, கஞ்சியைச் சிறு கரண்டியால் புகட்டிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரத்திற்கு மேலாயிற்று. அவளுக்கு எதிரே தரையில் ஒரு பாடப்புத்தகம், காற்றில் தாள் புரளாதபடி அதன் மேல் ஒரு தீப்பெட்டிக் கட்டு. கல்லூரியில் சேர்ந்து, வருகை நாள் குறைந்ததால் இடையில் நின்றவளாம். மீண்டும் சேர விரும்புகிறாள்.

நம்மைப் படித்தவர்கள் என்று எண்ணியோ என்னவோ, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “அய்யா, நான் காலேசுக்குப் போனா, பிள்ளைக்கு வர்ற பணத்த நிப்பாட்டிருவாகளா?”

அப்படியன்று என்று கூறினோம். தமிழக அரசு வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை குழந்தையின் பாதிப்பை நோக்கித் தரப்படுவது. 2023 சனவரி முதல் அது மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தாய் படிக்கிறாளா, சும்மா இருக்கிறாளா என்பது அங்கே கேள்வியன்று. அவள் முகம் தெளிந்தது. ஆயினும் அவள் அச்சம் எங்கிருந்து வந்தது என்ற எண்ணம் நம்மை விடவில்லை.

அவள் அஞ்சியதையே சட்டமாக வைத்திருக்கும் நாடும் உண்டு. பிரிட்டனில் நோயுற்றோரையும் ஊனமுற்றோரையும் வீட்டில் பேணுவோருக்கென 1976-இல் ஓர் உதவித்தொகை ஏற்பட்டது. மணமான பெண்களுக்கு அது முதலில் இல்லை. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்ற நினைப்பு. ஒரு பெண் வழக்காடி, ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்ற பின்னரே 1986-இல் அத்தடை நீங்கியது. வாரம் 35 மணி நேரமாவது பேண வேண்டும் என்பது அத்தொகைக்குரிய நிபந்தனை. வாரம் 21 மணி நேரம் அல்லது அதற்கு மேல் படிப்பவருக்குத் தொகை இல்லை என்பது விலக்கு.

இந்த விலக்கின் கணக்கைச் சற்றே பார்ப்போம். 35-ம் 21-ம் சேர்ந்தால் 56. ஒரு வாரத்திற்கோ 168 மணி நேரம். எஞ்சிய 112 மணி நேரத்தில் உறங்கவும் உண்ணவும் இடமில்லையா? மேலும், குழந்தை விழித்தெழும் நள்ளிரவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? படிப்பவள் பேண மாட்டாள் என்று விதி கருதுகிறது. கோவில்பட்டியில் நாம் கண்டதோ, ஒரே தரையில் இரண்டும் நிகழ்ந்ததை.

எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். பொதுப்பணம் வரையறைக்குட்பட்டது. மாணவர்க்கு வேறு உதவி உண்டு. ஒருவருக்கே இரு வழியில் கொடுத்தால் ஒன்றும் இல்லாதவருக்கு எங்கிருந்து கொடுப்பது? இது அற்பமான வாதமன்று. ஆனால் படிப்புக்கான உதவி கட்டணத்திற்கும் புத்தகத்திற்கும் உரியது. பேணும் உழைப்பு வேறு. ஒன்றைக் கொடுத்ததால் மற்றது தீர்ந்தது என்பது, அரிசி கொடுத்தோம், மருந்து எதற்கு என்பது போலாகும். ஆகாரமும் மருந்தும் சாத்திரமும் அபயமும் தனித்தனித் தானங்கள் என்று எண்ணிப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் 2023-இல் தொடங்கி 2024-இல் நாடெங்கும் பரவிய புதிய உதவித்தொகை, முழுநேர மாணவரில் பெரும்பாலோரையும் தகுதியுடையோராக ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டு நிலையோ வேறு வகையில் கோணலானது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மிகுந்த ஆதரவு தேவைப்படுவோருக்குப் பேணுவோர் படி பற்றிப் பேசுகிறது. அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்னும் சொற்களோடுதான். 2024 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. இமாசலப் பிரதேசத்து அரசுக் கல்லூரி ஆசிரியை ஒருவர், பிறவியிலேயே எலும்பு நோயுற்ற மகனைப் பேண விடுப்புக் கேட்டு மறுக்கப்பட்டவர். இத்தகைய விடுப்பு சலுகையன்று, அரசியலமைப்பைச் சார்ந்தது என்ற கருத்தை நீதிமன்றம் கொண்டது. மகிழ்ந்தோம். ஆனால் அந்த ஆசிரியையின் வகுப்பில் அதே துன்பத்தோடு ஒரு மாணவி அமர்ந்திருந்தால்? ஆய்வுப் பட்டத்திற்குப் பயிலும் பெண்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் 240 நாள் வரை விடுப்புக்கு வழி செய்தது. இளங்கலை மாணவிக்கோ வருகைப் பதிவேடுதான் தெய்வம்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் அகத்தவம் ஆறு என்கிறது. அவற்றுள் மூன்றாவது வையாவிருத்தியம், அதாவது பணிவிடை. அடுத்து நிற்பது சுவாத்தியாயம், கல்வி. பணிவிடைக்கு உரியோர் பதின்மரை எண்ணும்போதும் பயில்வோரும் பிணியுற்றோரும் அடுத்தடுத்தே வருகின்றனர். துறவியர்க்குச் சொன்னதை இல்லறத்தாள் மேல் அப்படியே ஏற்றுவது முறையன்று என்பதை அறிவோம். ஆயினும் ஒன்றைச் செய்பவன் மற்றொன்றுக்குத் தகுதியற்றவன் என்று ஆசாரியர் உமாசுவாமி நினைத்ததாகத் தெரியவில்லை.

பிறர் சட்டங்களை இவ்வளவு ஆராய்ந்த நாம், ஊர் திரும்பியதும் நம் கைவசமிருந்த கல்வி உதவி விண்ணப்பப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். நம்மைப் போன்றோர் சிலர் கூடிப் பல ஆண்டுகளுக்கு முன் வகுத்த படிவம் அது. நான்காம் நிபந்தனை: விண்ணப்பிப்போர் முழுநேர மாணவராயிருத்தல் வேண்டும். ஆறாம் நிபந்தனை: இடையில் நின்றோர் விண்ணப்பிக்க வேண்டா. இவற்றை எழுதியபோது நாம் யாரை மனத்தில் கொண்டிருந்தோம் என்று எவ்வளவு நினைத்தும் நினைவுக்கு வரவில்லை. ஊர் சுற்றும் இளைஞர் எவரையோ நினைத்திருப்போம். அடுத்த கூட்டத்தில் அவ்விரண்டையும் நீக்கக் கோரி எழுதிக் கொடுத்திருக்கிறோம். மறுப்போர் இருவர் உண்டென்று இப்போதே தெரிகிறது.