கேள்வியும் அறமும்: துவக்குச் சந்தை குறித்து ஒரு நோக்கு

மாம்பழக் காலத்தில் கொடிகாமச் சந்தையிலே ஒரு காலைப்பொழுதைக் கழிப்பவன் பொருளியல் நூலின் முதலதிகாரத்தைக் கண்ணாரக் கண்டவனாகின்றான். கறுத்தக்கொழும்பான் வரத்துக் குறைந்த நாளில் விலை ஏறுகின்றது. கடகங்கள் நிரம்பி வழியும் நாளில் விலை சரிகின்றது. வீட்டிலே பத்துப் பழம் இருக்கும்போது பதினோராவது பழத்துக்குக் கூடிய விலை கொடுக்க எவரும் முன்வரார். நிரம்பல் பெருகப் பெருக வேட்கை தணிகின்றது. கேள்வி, நிரம்பல் என்னும் இரு சொற்களுள் அடங்கும் இவ்வொழுங்கில் அறத்துக்கு வேலையேதும் இல்லையென்றே பலரும் கருதுவர். வேண்டுபவன் கேட்கின்றான், உள்ளவன் கொடுக்கின்றான், இருவரும் நிறைவுடன் வீடு திரும்புகின்றனர்.

ஆயின் இதே ஒழுங்கு எல்லாப் பண்டங்களுக்கும் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது. மாம்பழத்தின் இடத்தில் ஒரு துவக்கை வைத்துப் பார்ப்பின், "கேட்பவன் இருப்பதனாற் கொடுக்கின்றேன்" என்னும் வணிகனின் விடை அதே அளவு நிறைவு தருமா? நுகர்வோனின் விருப்பம் என்பது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்ட ஒன்றா, அன்றி அதுவும் அறத்தின் முன் நின்று விடையிறுக்கக் கடமைப்பட்டதா? இவையே ஈண்டு நோக்கப்படும் வினாக்களாம்.

இலங்கைக் கிராமப்புறங்களிலே துவக்கு நெடுங்காலம் கமத்தொழிலின் ஓர் உபகரணமாகவே இருந்து வந்துள்ளது. மண்வெட்டியும் கத்தியும் வைக்கப்பட்ட அதே மூலையில், பன்றிக்காகவும் பறவைக்காகவும் ஒற்றைக்குழல் துவக்கோ இடியனோ சாத்தி வைக்கப்பட்டிருந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் அதனை அனுமதிப்பத்திரத்தின் கீழ்க் கொண்டுவந்தது. கமக்காரனின் இக்கேள்விக்கு இயல்பாகவே ஓர் எல்லை உண்டு. காவல் செய்யவேண்டிய பயிர் எவ்வளவோ அவ்வளவே அவனது தேவை. ஒரு தோட்டத்துக்கு ஒரு துவக்குப் போதும். அயலவன் ஒரு துவக்கு வாங்கினான் என்பதற்காகத் தானும் இரண்டாவதொன்றை வாங்கவேண்டிய நிலை அவனுக்கில்லை. அயலவன் துவக்கினால் பன்றி விரட்டப்படின் அவனுக்கும் அது நன்மையே.

உலகின் மிகப் பெரிய துவக்குச் சந்தையான ஐக்கிய அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் வேட்டையே வாங்குதற்குரிய முதற் காரணமாக இருந்தது. பியூ ஆய்வு நிலையம் 2013இல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, 1999இல் துவக்கு உடையோருள் 49 சதவீதத்தினர் வேட்டையையும் 26 சதவீதத்தினர் தற்காப்பையும் தலையாய காரணமாகக் கூறினர். 2013இல் இந்நிலை தலைகீழாக மாறியது: தற்காப்பு 48 சதவீதமாகவும் வேட்டை 32 சதவீதமாகவும் அமைந்தன. 2023இல் 72 சதவீதத்தினர் தற்காப்பைத் தமது முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டனர். நீண்ட குழலுடைய வேட்டைத் துவக்கின் இடத்தை இடுப்பிற் செருகத்தக்க கைத்துப்பாக்கி பிடித்துக்கொண்டது. 2017இன் இறுதியில் உலகெங்கும் பொதுமக்கள் கையில் 85 கோடிக்கும் அதிகமான சுடுகலன்கள் இருந்தன எனவும், அவற்றுள் 39 கோடிக்கு மேற்பட்டவை அந்நாட்டிலேயே இருந்தன எனவும் சிறிய ஆயுதங்கள் குறித்த ஜெனீவா ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது.

இம்மாற்றத்தை வெறும் சுவை மாற்றமாகக் கொள்ளுதல் பிழையாகும். பண்டம் ஒன்றே, ஆயின் அதன் எதிரே நிறுத்தப்படுவது மாறிவிட்டது. முன்னர் எதிரே நின்றது விலங்கு. இப்போது எதிரே நிற்பது சக மனிதன். முன்னையதைத் தேவையின் கேள்வி எனவும் பின்னையதை அச்சத்தின் கேள்வி எனவும் வேறுபடுத்தலாம். பொருளீட்டலில் எல்லையுடையது எல்லையற்றது என இருவகை உண்டென்று அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' நூலிலே பிரித்துக் காட்டினார். இல்வாழ்க்கைக்கு வேண்டிய பொருளுக்கு ஓர் அளவு உண்டு. பணத்துக்காகவே பணம் தேடுபவனுக்கு அளவில்லை. அவ்வாறே தேவையின் கேள்வி நிறைவடைந்து ஓய்கின்றது. அச்சத்தின் கேள்வி நிறைவடைவதில்லை. ஒருவன் அஞ்சித் துவக்கு வாங்குகின்றான். அவனிடம் துவக்கு இருப்பதை அறிந்த அயலவன் அஞ்சித் தானும் வாங்குகின்றான். அதனை அறிந்த முதலாமவனின் அச்சம் இரட்டிக்கின்றது. மாம்பழம் சந்தையில் மிகுந்தால் வேட்கை தணியும். துவக்கு மிகுந்தால் வேட்கை வளரும். நிரம்பலே கேள்வியைப் பிறப்பிக்கும் விந்தை இது.

இதற்கு வரலாறும் சான்று பகர்கின்றது. 2012 டிசெம்பரில் அமெரிக்காவின் கனெற்றிக்கற் மாநிலப் பாடசாலையொன்றில் இருபது சிறுவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த மாதத்தில் துவக்கு வாங்குவோருக்கான பின்னணிச் சோதனைகள் குறையவில்லை. 27 இலட்சத்தைத் தாண்டி அதுகாறும் காணாத உயரத்தை அடைந்தன. கொலைச் செய்தி ஒருபுறமும், புதிய தடைச்சட்டம் வந்துவிடும் என்னும் எண்ணம் மறுபுறமுமாக இருவகை அச்சங்கள் மக்களைக் கடைக்குத் துரத்தின. தடைச்சட்டம் பற்றிய அச்சம் நீங்கிய பின்னர் விற்பனை சரிந்தது. 1816இல் தோன்றிய ரெமிங்ரன் நிறுவனம் கடன் சுமையும் விற்பனைச் சரிவும் சேர்ந்து அழுத்த, 2018இல் வங்குரோத்துப் பாதுகாப்பைக் கோரி நீதிமன்றை நாடியது. மக்களின் அமைதியே நட்டமாகவும் அவர்தம் கலக்கமே இலாபமாகவும் அமையும் ஒரு வணிகத்தை ஏனைய வணிகங்களோடு ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். அச்சம் பொய்யானதன்று, அஞ்சுவோனை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. சட்டமும் காவலரும் உள்ள நாட்டிலேகூடப் பயணம் செய்பவன் ஆயுதம் தாங்குகின்றான், உறங்கச் செல்பவன் கதவைப் பூட்டுகின்றான் என 1651இல் வெளியான 'லெவியாதன்' நூலிலே தோமஸ் ஹொப்ஸ் சுட்டிக்காட்டினார். தனித்து வாழும் முதியவளின் அச்சத்தையோ, காவல் நிலையத்தை நம்பவியலாத சிறுபான்மையினனின் அச்சத்தையோ ஒரு கற்பனை எனத் தள்ளிவிடல் இயலாது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் இதனை நன்கறிவர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது கொடிகாமமும் அதன் சுற்றுப்புறமும் அவர்களுக்கு அடைக்கலமாயின. 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியே போர்க்களமாக, அடைக்கலம் கொடுத்தோரும் அகதிகளாயினர்.

இத்தடை வலிமையுடையதே. ஆயினும் அது நிறுவுவது அச்சத்தின் உண்மையை மட்டுமேயன்றி, துவக்கு அதற்கு மருந்து என்பதையன்று. அஞ்சுபவன் உண்மையில் வேண்டுவது துவக்கையன்று, காப்பை. காப்போ தெருவிளக்குப் போன்றது. அனைவருக்கும் ஒருங்கே கிடைத்தாலன்றி எவருக்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை. ஹொப்ஸ் கண்ட முடிவும் ஒவ்வொருவனும் மேலும் ஒரு வாளை வாங்கவேண்டும் என்பதன்று. பொதுவான ஓர் அதிகாரத்தை அமைத்தல் வேண்டும் என்பதே. அவ்வதிகாரமே அச்சத்தின் ஊற்றாகும்போது செய்யவேண்டியது யாதெனும் கடினமான வினா எஞ்சி நிற்பது உண்மை. ஆயின் அதற்குரிய விடையையும் கடைத்தட்டில் தேட முடியாது.

வணிகனின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகின்றது. பேர்னாட் ஷோவின் 'மேஜர் பார்பரா' நாடகத்தில் வரும் ஆயுத உற்பத்தியாளன் அண்டர்ஷாஃப்ட், நியாய விலை தருவோர் எவராயினும் அவர்தம் கொள்கை நோக்காது ஆயுதம் விற்பதே தன் அறம் என்கின்றான். அவன் வெளிப்படையானவன், கேள்வியைத் தானே உண்டாக்கவில்லை என்று பாசாங்கு செய்வதில்லை. இன்றைய விளம்பரமோ இருண்ட வீட்டையும் கதவருகே அசையும் நிழலையும் காட்டிவிட்டு, நுகர்வோனின் விருப்பத்துக்கே பணிபுரிவதாகக் கூறுகின்றது. நோயைப் பரப்பியவனே நோயாளரின் தொகையைக் காட்டித் தன் மருந்தின் தேவையை நிறுவுவதை இது ஒக்கும்.

இவ்விடத்து மீண்டும் கொடிகாமத்தை நோக்குதல் தகும். தென்னையையும் மாவையும் பலாவையும் குரங்குகள் அழிப்பதாகத் தென்மராட்சிக் கமக்காரர் முறையிடுகின்றனர். இது நாடளாவிய துன்பமாகும். ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை 2023இல் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15ஆந் திகதி காலை ஐந்து நிமிட நேரம் நாடெங்கும் பயிரழிக்கும் விலங்குகள் கணக்கெடுக்கப்பட்டன. வாயுத்துப்பாக்கி வழங்கவேண்டும் என்னும் கோரிக்கையும் கமக்காரரிடையே எழுந்துள்ளது. துவக்கின் ஓசையை மறக்க விரும்பும் மண்ணிலே மீண்டும் துவக்குக்குக் கேள்வி எழுவது முரணாகத் தோன்றலாம். ஆயின் மேற்கூறிய பாகுபாட்டின்படி இது தேவையின் கேள்வியே. ஓராண்டு உழைப்பைக் கண்முன்னே இழப்பவனிடம் போரின் கொடுமையை எடுத்துரைத்து அவன் வாயை அடைத்தல் அறமாகாது.

எனினும் பாகுபாடு அத்துடன் முடிந்துவிடவில்லை. வாங்கியவனின் நோக்கம் அவனோடு முடிகின்றது. கருவியோ நோக்கத்தைக் கடந்தும் வாழ்கின்றது. 1971 ஏப்பிரல் கிளர்ச்சியின்போது தென்னிலங்கைக் கிராம வீடுகளிலிருந்த வேட்டைத் துவக்குகள் கிளர்ச்சியாளரின் ஆயுதங்களாயின. பன்றிக்கெனக் கட்டப்படும் கட்டுத்துவக்கு, வழிதவறி வரும் மனிதனைப் பன்றியிலிருந்து வேறுபடுத்தி அறிவதில்லை. கொடிகாமத்திலிருந்து கண்டி வீதி வழியே மிருசுவிலையும் எழுதுமட்டுவாளையும் கடந்து செல்வோர் அடையும் முகமாலையில், 2009இல் போர் முடிந்த பின்னரும் பல்லாண்டுகள் மண்ணைச் சல்லடையிட்டுக் கண்ணிவெடி அகற்ற வேண்டியிருந்தது. அவற்றைப் புதைத்தோரின் நோக்கம் யாதாயினும் புதையுண்டவை அதனை அறியா.

ஆதலின் கமக்காரனின் கேள்விக்கு இடமளிக்கும் சமுதாயம் அதனோடு சில கடமைகளையும் பிணைத்தல் வேண்டும். கொல்லும் ஆற்றல் குறைந்த கருவியையே முதலில் நாடுதல், கிராமத்தின் பொதுப் பொறுப்பில் அதனை வைத்தல், தேவை நீங்கியதும் மீள ஒப்படைத்தல் என்பன அவற்றுட் சில. இக்கடமைகளை ஏற்க மறுக்கும் கேள்வி, தேவையின் வேடம் பூண்ட அச்சம் என்றே கொள்ளத்தக்கது.

சந்தை கேட்பவனிடம் விலையை மட்டுமே பேசும். எதற்காகக் கேட்கின்றாய், எப்போது போதும் என்பாய் என்னும் இரு வினாக்களைச் சமுதாயமே அவனிடம் கேட்கவேண்டும். மாம்பழம் வாங்குபவனிடம் இவற்றைக் கேட்பார் இல்லை. கடகம் நிறைந்ததும் அவன் தானே எழுந்து வீடு செல்வான். அச்சத்தைச் சுமந்து துவக்குச் சந்தைக்கு வருபவனின் கடகமோ எத்தனை இட்டாலும் நிறைவதில்லை.