பிழைத்தவரும் பிழைக்கட்டும்

'பிழைத்தல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தவறு செய்தல் என்பது ஒன்று. உயிர் தப்பி வாழ்தல் என்பது மற்றொன்று. பிழைத்தவன் பிழைக்கலாமா? தவறு செய்தவனையும் காப்பது அறமாகுமா? இவ்வினாவுக்குச் சுவீடன் நாட்டு மகிழுந்துப் பொறியாளர்கள் தம் தொழிலாலேயே விடை கூறியுள்ளனர்.

வாகனமோட்டி விழிப்பாக இருந்தால் விபத்து நேராது. நேர்ந்தால் அது அவன் குற்றம் என்பது பழைய எண்ணம். இதில் உண்மை இல்லாமற் போகவில்லை. ஆயினும் ஒரு கணமேனும் கவனம் சிதறாத மனிதர் எவர்? மேலும், பிழை செய்பவன் ஒருவனாகவும் அடிபடுபவன் வேறொருவனாகவும் இருத்தல் உண்டு.

சாப் நிறுவனத்தில் போர்விமானிகளை வெளியேற்றும் இருக்கைகளை வடிவமைத்த நில்ஸ் போலின், 1958இல் வால்வோ நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நாளில் இடுப்பை மட்டும் கட்டிய பட்டை, மோதலின்போது மேலுடல் முன்னே பாய்வதைத் தடுக்கவில்லை. போலின் மார்பின் குறுக்கே ஒன்றும் இடுப்பின் குறுக்கே ஒன்றுமாகப் பட்டையை அமைத்தார். ஒரு கையாலேயே பூட்டலாம். மோதலின் விசையை மென்மையான வயிறு தாங்காமல் வலிய எலும்புகள் தாங்கும். 1959இல் அது வால்வோ வண்டிகளில் இடம்பெற்றது. சுவீடனில் நிகழ்ந்த ஏறத்தாழ 28,000 விபத்துகளை ஆராய்ந்து 1967இல் அந்நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அதன் பயனை மெய்ப்பித்தது.

பின்னர் வந்த உயர்தர வண்டிகளிலும் இவ்வெண்ணமே தொடர்ந்தது. 1982இல் வெளிவந்த வால்வோ 760, 1984இல் வெளிவந்த சாப் 9000 ஆகியவற்றின் முன்பகுதி மோதலில் மடிந்து விசையை உள்வாங்கும். மனிதர் அமரும் அறை உறுதியாக நிற்கும். சாப் 900 வண்டியில் சாவித் துளையை இரு முன்னிருக்கைகளுக்கும் இடையே வைத்தனர். மோதலில் ஓட்டுநரின் முழங்காலைச் சாவி காயப்படுத்தலாகாது என்பதும் அதற்கொரு காரணம். நாள்தோறும் பழுதின்றி ஓடுவதே நம்பகம் என்பர். நாம் தவறும் ஒரு நாளில் நம்மைக் கைவிடாதிருப்பது அதனினும் உயர்ந்த நம்பகமன்றோ?

காப்பு மிகுந்தால் பொறுப்பு குறையும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும் குற்றத்தைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது. கணநேர மறதிக்கு மரணத்தைத் தண்டனையாக விதிக்கும் உரிமை ஓர் இயந்திரத்துக்கு இல்லை.

உயர்தர வண்டி செல்வர்க்கே உரியது. அவ்வாறாயின் எளியவர் உயிர் மலிவோ? இவ்வினா கூரியது. மகிழுந்தின் மற்றக் காப்புகள் எளியவரை அடையக் காலம் பிடித்தது உண்மை. ஆனால் இருக்கைப் பட்டைக்குப் பெற்ற காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ இடமளித்தது. உயிர்காக்கும் அறிவைப் பூட்டி வைத்தல் முறையன்று என்பதற்கு அது சான்று. 1997இல் சுவீடன் நாடாளுமன்றம், சாலையில் எவரும் இறத்தலோ கடுங்காயமுறலோ கூடாது என்பதையே நாட்டின் குறிக்கோளாக ஏற்றது. பிழையின் பொறுப்பைச் சாலை அமைப்போரும் பகிர வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

நற்பணி வாணிக வெற்றிக்கு உறுதி தருவதில்லை. சாப் மகிழுந்து நிறுவனம் 2011இல் நொடித்தது. எனினும் அது போற்றிய கொள்கை நொடிக்கவில்லை.

சிவப்பு மையால் பிழை சுழிக்கும் ஆசிரியர்களாகிய நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிழையைச் சுட்டுவது நம் கடன்; பிழைத்த மாணவன் மீண்டும் எழ இடம் வைப்பதும் அக்கடனில் அடங்கும்.