விடையும் உணர்வும்

ஒருவர் ஒரு பொருளைச் சரியாகச் சுட்டிக் காட்டிவிட்டால், அதனை அவர் கண்டார் என்று துணியலாமா? ‘ஆம்’ என்றே நாம் எளிதில் கூறிவிடுவோம். உளவியல் ஆய்வோ நம்மைச் சற்றுத் தயங்கச் செய்கின்றது.

ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழக அறிஞர் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்சும் உடன் ஆய்ந்தோரும் 1974ஆம் ஆண்டில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். மூளையின் பின்புறத்தே காட்சிக்குரிய பகுதியில் ஒரு கூறு அறுவை மருத்துவத்தால் அகற்றப்பட்டமையால், இடப்பக்கத்தே வைக்கப்படுவன அவருக்குத் தெரியவில்லை. ஆயினும் அப்பக்கத்தில் ஒளியைக் காட்டி, ஊகித்தேனும் சுட்டுமாறு பணித்தபோது, அவர் கை பெரும்பாலும் உரிய இடத்தையே நாடியது. அவரோ, தாம் எதனையும் காணவில்லை என்றும் வெறுமனே ஊகித்ததாகவுமே கூறினார். செயல் வென்றது, காட்சி அனுபவமோ இல்லை. ‘குருட்டுப் பார்வை’ என்று இந்நிலைக்குப் பெயரிட்டனர்.

நலமுடையோரிடத்தும் இவ்விடைவெளி உண்டு. 1884ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அறிஞர்களாகிய பியர்சும் ஜாஸ்ட்ரோவும் மிக நுண்ணிய எடை வேறுபாடுகளை விரலால் உணர்ந்து சொல்லும் சோதனையை நடத்தினர். ஒவ்வொரு விடையோடும், அதன்மீதுள்ள உறுதியை 0 முதல் 3 வரை குறித்தனர். உறுதி சிறிதுமில்லை என்று 0 இட்ட விடைகளிலும் பாதிக்கு மேற்பட்டவை சரியாயிருந்தன.

2006ஆம் ஆண்டில் லாவ், பாசிங்கம் ஆகியோர் செய்த ஆய்வு இன்னும் ஒருபடி முன்சென்றது. இருவேறு சூழல்களில் சரியான விடைகளின் அளவு ஒத்திருந்தும், ‘கண்டேன்’ என்று கூறிய அளவு வேறுபட்டது. ஆகவே, சமமான திறன் சமமான அனுபவத்துக்குச் சான்றாகாது.

‘அவரவர் கூற்றை எங்ஙனம் நம்புவது? அச்சமுடையவன் கண்டும் காணவில்லை என்பானே!’ எனச் சிலர் வினவலாம். தடை நியாயமானதே. ஆயினும், கூற்றில் பிழை நேரலாம் என்பதற்காக அதனைக் கேளாதொழிவது முறையன்று. விடையை ஓர் ஏட்டிலும் உணர்வை மற்றோர் ஏட்டிலும் குறித்து, இரண்டையும் ஒப்புநோக்குவதே அறிவுடைமை.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் தேர்வில், ஏதும் அறியாதவனும் சராசரியாக நான்கில் ஒன்றைச் சரியாக்குவான். மதிப்பெண் விடையைக் காட்டும்; அறிந்தானா என்பதைக் காட்டாது. எனவே ஒவ்வொரு விடைக்கருகிலும் ‘அறிந்தேன்’ அல்லது ‘ஊகித்தேன்’ என எழுதச் செய்வோம். ஆனால் ஒன்றை மறவாதிருப்போம்: ‘ஊகித்தேன்’ என உண்மை எழுதியவனுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால், மறுமுறை அவன் ‘அறிந்தேன்’ என்றே எழுதுவான். அன்றே அந்த இரண்டாம் ஏடு பயனற்றதாகிவிடும்.